டிராக்டருக்கு டிரெய்லர் கொக்கி: வேலூர்ப் பக்கம் கிடைக்கிற நான்கு வகையில் எது உருப்படி?

அவசரமாக இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 40 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டரில் இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லர் இழுப்பவர் என்றால், உயரம் மாற்றக்கூடிய ஏணிக் கொக்கியை வாங்குங்கள். நான்கு சக்கர டிரெய்லர் மட்டும்தான், அதுவும் சமதள ரோட்டில்தான் என்றால் டிராக்டரோடு வந்த யூ கொக்கியே போதும். பின்னால் இருக்கிற ஓட்டைப் பட்டையில் டிரெய்லர் மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஆட்டோ கொக்கி நல்ல பொருள்தான், ஆனால் அதைப் பராமரிக்கப் பொறுமை வேண்டும். ஏன் என்பது கீழே.

கடையில் கொக்கி கேட்டால் முதலில் காட்டுவது தடிமனைத்தான். "இதுல யானையக் கட்டினாலும் இழுக்கும்ண்ணே" என்பார்கள். இழுக்கும், சந்தேகமில்லை. கொக்கியையும் டிரெய்லரையும் கோக்கும் 25 மி.மீ. சாதா இரும்பு பின் (தண்டு) இரண்டு பக்கமும் பிடிப்போடு இருந்தால், அதை நேராக வெட்டி எடுக்க 20 டன்னுக்கு மேல் விசை வேண்டும். நம் டிராக்டர் எதுவும் அந்த விசையைக் கொடுக்காது. பிறகு ஏன் டிரெய்லர் கழன்று ஓடுகிறது, டிராக்டர் ஏன் முன்பக்கம் தூக்குகிறது? கொக்கி எந்த உயரத்தில், ஆக்சிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பின்னுக்கும் டிரெய்லர் முனையிலுள்ள கண்ணுக்கும் (பின் நுழையும் வளையம்) நடுவில் எவ்வளவு ஆட்டம் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. தடிமன் அதற்கு அப்புறம்.

மாட்டுவண்டி ஓட்டிய வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே எழும்பி வண்டி குடைசாயும். இரண்டு சக்கர டிரெய்லரும் அதே வண்டிதான், மாட்டுக் கழுத்து இருந்த இடத்தில் டிராக்டரின் கொக்கி இருக்கிறது, அவ்வளவே.

கணக்காகப் பார்ப்போம். டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 5,000 கிலோ. கொக்கியிலிருந்து டிரெய்லர் ஆக்சில் வரை 3 மீட்டர். பாரத்தின் மையம் ஆக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால், கொக்கியில் விழும் முன்பாரம் 500 கிலோ. அதே மூட்டைகளை, மையம் ஆக்சிலுக்கு 60 செ.மீ. முன்னால் வரும்படி அடுக்கினால் 1,000 கிலோ. இப்போது டிராக்டர் பக்கம் வருவோம். மொத்த எடை 1,900 கிலோ, அதில் முன்சக்கரத்தில் 700 கிலோ, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 1.9 மீட்டர், கொக்கி பின் ஆக்சிலுக்கு 60 செ.மீ. பின்னால் என்று வையுங்கள். 500 கிலோ முன்பாரம் முன்சக்கரத்திலிருந்து 158 கிலோவைத் தூக்கிவிடும். 1,000 கிலோ என்றால் 316 கிலோ போய்விடும். ஸ்டீயரிங் பிடிக்க, டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். இந்த டிராக்டருக்கு அது 380 கிலோ. ஆக 1,000 கிலோ முன்பாரத்தில், நின்ற இடத்திலேயே எல்லைக்கு வந்துவிட்டோம்.

இனி மேடு. பதினைந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற பாலச் சரிவில் 5 டன்னை இழுக்க, உருளும் தடையையும் சேர்த்து ஏறக்குறைய 480 கிலோ இழுவை வேண்டும். கொக்கி தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் இந்த இழுவை முன்சக்கரத்திலிருந்து இன்னும் 127 கிலோவை எடுக்கும், 90 செ.மீ.யில் இருந்தால் 229 கிலோ. முன்பாரம் 500 கிலோவோடு சேர்த்துப் பார்த்தால், தாழ்ந்த கொக்கியில் முன்சக்கரத்தில் 415 கிலோ மிச்சம், உயர்ந்த கொக்கியில் 313 கிலோதான். வயலிலிருந்து ஏரிக்கரைக்கு ஏறும் ஐந்துக்கு ஒன்று சரிவில் இழுவை 1,150 கிலோவைத் தொடும். அங்கே 90 செ.மீ. கொக்கி என்றால் மீதி பூஜ்யம். முன்சக்கரம் தரையில் இருக்காது. டிராக்டர் பின்னோக்கிப் புரள்வதற்கு ஒன்றிரண்டு வினாடி போதும், கிளட்ச் மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

அதனால் கொக்கி எப்போதும் பின் ஆக்சில் மையத்துக்குக் கீழே. 13.6-28 டயர் போட்ட டிராக்டரில் ஆக்சில் மையம் தரையிலிருந்து 60 முதல் 65 செ.மீ. வரை இருக்கும். கொக்கி 45 முதல் 55 செ.மீ.க்குள் அமைந்தால் நல்லது. டாப் லிங்க் பிராக்கெட்டில் (கலப்பையின் மேல் கை மாட்டும் உயரமான இடம்) சங்கிலி போட்டு இழுப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

இனி நான்கு வகை. பெயர் பட்டறைக்குப் பட்டறை மாறும், அமைப்பைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஓட்டைப் பட்டை என்பது, கலப்பை தூக்கும் இரண்டு கீழ்க் கைகளுக்கும் குறுக்கே மாட்டும், வரிசையாக ஓட்டை போட்ட பட்டை. இது கலப்பை, பலகை மாதிரி வயல் வேலைக்கு ஆனது. கைகள் ஹைட்ராலிக்கில் தொங்குகின்றன. ஓடும்போது லீவரில் முழங்கால் பட்டால் பட்டை எழும்பி, கொக்கி ஆக்சில் மையத்துக்கு மேலே போய்விடும். பக்கவாட்டுச் சங்கிலி தளர்ந்திருந்தால் டிரெய்லர் ஒவ்வொரு குழியிலும் டிராக்டரின் இடுப்பைத் திருகும். ஸ்டே ராடு போட்டு அசையாமல் கட்டிவிட்டால், காலி டிரெய்லரை வீட்டிலிருந்து கொல்லைக்கு நகர்த்தலாம். பாரத்துக்கு உதவாது. எங்கள் மதிப்பெண் சுழி.

யூ கொக்கி, டிராக்டர் கம்பெனியே டிஃபரன்ஷியல் உறையின் பின்னால் போல்ட் போட்டுத் தருவது. இடம் சரி, பிடிமானம் சரி. குறை ஒன்றுதான், உயரம் மாறாது. டிரெய்லரின் ஏர்க்கால், அதாவது கொக்கியில் மாட்ட முன்னால் நீட்டிய சட்டம், அதைவிட உயரமாகக் கட்டப்பட்டிருந்தால் பெட்டி முன்புறம் தாழ்ந்து பாரம் முன்னால் சாயும், தாழ்வாகக் கட்டப்பட்டிருந்தால் பெட்டி பின்புறம் சாயும். ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், யூ கொக்கிக்கு மேலே ஒரு தகடு வெல்டிங் வைத்து உயர்த்திக்கொள்கிறார்கள். அந்த ஒரு தகட்டில் மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. டிரெய்லரின் ஏர்க்காலைத் திருத்துங்கள், டிராக்டரின் கொக்கியைத் தொடாதீர்கள்.

ஏணிக் கொக்கிதான் எங்கள் தேர்வு. இரண்டு செங்குத்துச் சட்டங்கள், இரண்டிலும் ஒரே அளவு இடைவெளியில் ஓட்டைகள், நடுவில் ஏறி இறங்கும் கொக்கித் தலை. இரண்டு குறுக்குப் பின் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் உயரம் மாறும். அணைக்கட்டுப் பக்கம் ஒருவரின் டிரெய்லர், கலவைப் பக்கம் இன்னொருவரின் டிரெய்லர் என்று வாடகைக்கு ஓட்டுபவருக்கு இது இல்லாமல் சரிவராது. ஆனால் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். உங்கள் டிராக்டர் மாடலுக்கென்றே ஓட்டை போட்ட அடித்தகடா, அல்லது பட்டறையில் கேஸ் கட்டர் வைத்து விரித்த ஓட்டையா? கேஸில் வெட்டிய ஓட்டையில் போல்ட் ஒருபோதும் உட்காராது. கொக்கித் தலை வார்ப்பா, அடித்துச் செய்ததா, தகடு ஒட்டியதா? அடித்துச் செய்தது முதல் தரம். குறுக்குப் பின்களை உள்ளே தள்ளி, தலையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே கடகடவென்றால் ஆறு மாதத்தில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். ஏணியில் மேல் ஓட்டைகளும் இருப்பதுதான் இதன் ஆபத்து. மேலே மாட்ட வசதியாக இருக்கிறதே என்று மாட்டிவிடுவார்கள். ஆக்சில் மையத்துக்கு மேலே உள்ள ஓட்டைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். விலை, ஒரு பின் டயர் விலைக்குள் அடங்கிவிடும்.

ஆட்டோ கொக்கியில், டிராக்டரைப் பின்னால் கொண்டுபோனால் கண் உள்ளே நுழைந்ததும் பின் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். யாரும் நடுவில் நிற்க வேண்டாம் என்பதே இதன் பெரிய லாபம், மாட்டும்போது உயிருக்கு ஆபத்து அந்த நடுவில்தான். கஷ்டம் என்னவென்றால், செங்கல் சூளைத் தூசியும் கரும்புச் சோகையும் ஸ்பிரிங்குக்குள் போனால் பின் பாதி விழுந்து நிற்கும். பார்க்கப் பூட்டியது போலவே தெரியும். வாரம் ஒருமுறை கிரீஸ் போட்டு, ஒவ்வொரு தடவையும் பூட்டு அடையாளத்தைக் குனிந்து பார்ப்பவர் வாங்கலாம். இந்தக் கொக்கிக்கு டிரெய்லர் கண்ணும் பொருத்தமான அளவில் இருக்க வேண்டும். கம்பியை வளைத்து ஒட்டிய பழைய கண்ணோடு மாட்டினால் போட்ட காசு வீண்.

கொக்கி எதுவானாலும் பின் சரியில்லையென்றால் எல்லாம் வீண். பழைய ஆக்சில் துண்டு, முறுக்குக் கம்பித் துண்டு, ஸ்பேனர் பிடி என்று கண்டதையும் பின்னாகப் பார்த்திருப்பீர்கள். 30 மி.மீ. இஎன் 8 அல்லது இஎன் 19 என்ற உறுதியான எஃகுத் தண்டில் லேத்தில் கடைந்த பின், மேலே கைப்பிடியோடு தலை, கீழே லிஞ்ச் பின்னுக்கு ஓட்டை, இதுதான் சரி. லிஞ்ச் பின் என்பது வளையத்தோடு மடங்கிப் பூட்டும் சிறு பின். அதன் இடத்தில் ஆணியோ கட்டுக்கம்பியோ இருந்தால், வேகத்தடையில் பெட்டி துள்ளும்போது பின் மேலே தாவி வெளியே வந்துவிடும்.

கண்ணின் துளை 30 மி.மீ. பின்னுக்கு 40 மி.மீ. இருக்கலாம். அதைவிட இறுக்கினால் மேடு பள்ளத்தில் கண் திரும்ப இடமில்லாமல் முறுகும். அதைவிடப் பெரிதானால், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் 5 டன் பாரம் சுத்தியல் மாதிரி பின்னை அடிக்கும். கொக்கி வாயின் உயரத்தையும் பாருங்கள். கண் 30 மி.மீ. தடிமன், வாய் 60 என்றால் பரவாயில்லை. வாய் 90 என்றால் நடுவில் தொங்கும் கண் பின்னை வில்லாக வளைக்கும். மேலும் கீழும் தடித்த வளையம் போட்டு அந்த இடைவெளியை அடையுங்கள். பின்னைக் கழற்றிக் கண்ணாடி மீது உருட்டினால் வளைவு தெரியும். தேய்ந்த இடத்தில் 2 மி.மீ. குறைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். புதுப் பின்னின் விலை ஒரு நாள் டீசல் செலவுகூட வராது.

தேய்ந்த கண்ணிலும் கொக்கியிலும் வெல்டிங் வைத்து நிரப்புவது நம் ஊரில் சகஜம். இஎன் 8 மாதிரி கார்பன் கூடிய இரும்பைச் சூடேற்றாமல் சாதா ராடில் ஒட்டினால், ஒட்டின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி கடினமான ஒரு பட்டை உருவாகும். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஏர்க்கால் சட்டத்தில் ஒட்டியே ஆக வேண்டுமென்றால், காயவைத்த 7018 ரக வெல்டிங் ராடு, நன்றாகச் சூடேற்றிய இரும்பு, ஒட்டியதும் தண்ணீர் ஊற்றாமல் மெல்ல ஆறவிடுவது என்று கேட்டு வாங்குங்கள். பழைய டிரெய்லரை வாங்கும்போது விரிசல் தேட ஒரு எளிய வழி உண்டு. கண்ணையும் ஏர்க்கால் முனையையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சின் மேல் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு எழும். கோடு தெரிந்த கண்ணுக்குப் பேரம் பேச வேண்டாம், புதுக் கண் போடச் சொல்லுங்கள். போடுவதே போடுகிறோம், சுழலும் கண்ணாகப் போட்டுக்கொள்ளுங்கள். வரப்பில் ஏறி டிரெய்லர் கவிழ்ந்தாலும் டிராக்டரையும் சேர்த்துப் புரட்டாது.

போல்ட் விஷயத்தில் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமையைக் குறிக்கும் எழுத்து இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத போல்ட் கேட்டுக்கும் கிரில்லுக்கும்தான். எம் 16 (16 மி.மீ.), 8.8 போல்ட்டை ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும், அதற்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறையாகப் பாருங்கள். பைப் செருகி ஏறி மிதித்து இறுக்குவதில் போல்ட் நீண்டுவிடும், அது இறுகியதாகக் கணக்கில்லை. தகடும் தகடும் உரசும் இடத்தில் மரை வரக் கூடாது, மொட்டைத் தண்டுதான் வர வேண்டும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ளது) கழற்றினால் புதுசு போடுங்கள். முதல் பத்து மணி நேரம் ஓடியதும் ஒருமுறை இறுக்கிவிட்டு, நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று டீக்கடையில் நின்றபடியே தெரிந்துவிடும்.

பாதுகாப்புச் சங்கிலியை இங்கே பத்து டிரெய்லரில் ஒன்றில் கண்டாலே அதிசயம். கிணற்றுச் சங்கிலி, மாட்டுச் சங்கிலி கணக்கில் வராது. பாரம் தூக்கப் பயன்படும் உறுதியான கிரேடு 80 சங்கிலி என்று கேளுங்கள். 10 மி.மீ. சங்கிலியின் வேலைப்பாரம் 3.15 டன், 13 மி.மீ. சங்கிலிக்கு 5.3 டன். 5 டன் டிரெய்லருக்கு 10 மி.மீ. இரண்டு போதும். இரண்டையும் ஏர்க்காலின் கீழே குறுக்காகப் போடுங்கள். பின் போனால் ஏர்க்கால் முனை ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில் போல ஏந்திக்கொள்ளும். டிராக்டர் முழுதாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்வு விடுங்கள், தரையில் உரசக் கூடாது. சங்கிலியைக் கொக்கியிலேயே கட்டக் கூடாது. கொக்கி கழன்றால் அதோடு சங்கிலியும் போய்விடுமே. டிராக்டரின் உறுதியான சட்டத்தில் தனியாகப் பிடியுங்கள், 4.75 டன் என்று பொறித்த வில் ஷாக்கிளில் (குறுக்கே பின் போட்டுப் பூட்டும் வளைந்த இணைப்பு). சங்கிலிக் கண்ணை வெல்டிங் வைத்து ஒட்டினால் கிரேடு 80 என்ற பேச்சு அந்த நிமிடமே முடிந்தது.

டிப்பர் இழுப்பவர் கவனிக்க ஒன்று. பெட்டி தூக்கும்போது பாரம் பின்னால் நகர்கிறது. பின்கதவு திறக்காமல் ஜல்லியோ ஈர மண்ணோ ஒட்டிக்கொண்டால் முன்பாரம் பின்பாரமாக மாறி, ஏர்க்கால் கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் தரையில் இலேசாகி பிரேக் பிடிக்காமல் போகும். லிஞ்ச் பின் அறுந்துபோகும் விபத்துகளில் பல இந்த நேரத்தில்தான். சமதரையில் கொட்டுங்கள், கதவைத் திறந்த பிறகு தூக்குங்கள். ஹைட்ராலிக் ஹோஸை, இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துத் திருப்பிப் பார்த்த பிறகே கட்டுங்கள். அப்போதே பின் டயருக்கும் ஏர்க்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கொக்கியை ஆக்சிலுக்கு மிக நெருக்கமாக வைத்தால் முன்பக்கம் தூக்குவது குறையும், ஆனால் திருப்பத்தில் டயர் ஏர்க்காலைக் கடிக்கும்.

கரும்பு ஏற்றி அம்முண்டி ஆலைக்குப் போகும் நான்கு சக்கர டிரெய்லரில் முன்பாரம் கிடையாது, முன் ஆக்சிலோடு திரும்பும் டர்ன்டேபிள் அதைத் தாங்கிக்கொள்கிறது. அங்கே சிக்கல் வேறு. டிராக்டரின் பின்சக்கரத்துக்குக் கூடுதல் எடை கிடைக்காததால் இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளி, குறுக்கே மடித்துவிடும். டிரெய்லரிலேயே பிரேக் இல்லாமல் ஒடுகத்தூர் தாண்டிப் பீஞ்சமந்தை ஏறி இறங்குவதோ, பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் இறங்குவதோ, எந்தக் கொக்கி போட்டாலும் நாங்கள் சரியென்று சொல்ல மாட்டோம். இறங்குவதற்கு முன்பே சிறு கியருக்கு வந்துவிடுங்கள். இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள், வயலில் தனித்தனியாக விட்டதை மறந்து ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் அங்கேயே சுழன்றுவிடும்.

மாட்டும் முறையில் ஒரே சட்டம். டிராக்டர் நகரும்போது நடுவில் ஆள் இருக்கக் கூடாது. டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் முட்டு கொடுத்து, ஏர்க்காலைக் கட்டையில் அல்லாமல் ஜாக்கி காலில் நிறுத்துங்கள், உயரத்தைத் திருகியே சரிசெய்யலாம். "இன்னும் கொஞ்சம் வா, வா" என்று கை காட்டுபவர் டிரைவர் பார்க்கிற பக்கவாட்டில் நிற்கட்டும். டிராக்டரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்த பிறகு பின் போடப் போகலாம்.

கடைசியாக விளக்கு. இரவில் பின்விளக்கில்லாத கரும்பு வண்டியில் பைக் மோதுவதற்கும் கொக்கிக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் ஒரே நாளில் சேர்த்துச் செய்துவிடலாம். டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ஏழு பின் சாக்கெட்டில், ஒயர் நிறப்படி மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் லைட், பழுப்பு வலது பின்விளக்கு, கறுப்பு இடது பின்விளக்கு, நீலம் கூடுதல் விளக்குக்கு. எர்த்தைக் கொக்கி வழியாகவே விட்டுவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. கிரீஸும் துருவும் இருக்கிற இடத்தில் அது எப்படிப் பாயும்? குழியில் இறங்கும்போதெல்லாம் பின்விளக்கு அணைந்து எரிந்தால் அதுதான் காரணம். வெள்ளை ஒயரைத் தனியாக இழுத்து, டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.